வாடகை வேறு, வருமானம் வேறு

வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும், பின்னால் எத்தனை சுழியம் சேர்த்தாலும் கணக்கு மாறாது. மாத வாடகை அரை. ஆண்டுக்கு 6. "ஆறு சதவீதம் வருகிற வீடு" என்று விற்பவர் சொல்வது இந்த ஆறைத்தான். அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அது வாடகை, உங்கள் வருமானம் அல்ல. வீடு வாங்கி வாடகைக்கு விடுகிற பலர் முதல் இரண்டு ஆண்டுகளில் சலித்துப்போவது இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து இறங்குவதால்தான்.

ஆறு எப்படி மூன்றாகிறது

முதலில் வாங்கும் செலவு. பதிவுக் கட்டணம், முத்திரைத் தீர்வை, வழக்கறிஞர், தரகு, கடனுக்கான கட்டணம் எல்லாம் சேர்த்து 8 என்று வைப்போம். இது ஊருக்கு ஊர் மாறும். உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். குடிவைக்கும் நிலைக்குக் கொண்டுவர வண்ணம், குழாய், பூட்டு என்று இன்னொரு 2. ஆக, கையை விட்டுப் போவது 110. இனி எல்லா விகிதத்தையும் இந்த 110-இன் மேல்தான் பார்க்க வேண்டும், 100-இன் மேல் அல்ல.

அடுத்து ஆண்டுச் செலவு. ஆண்டுக்கு ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும் என்று கொள்ளுங்கள். ஒரே குடும்பம் மூன்று ஆண்டு இருந்தால் இது அதிகம், ஆண்டுதோறும் ஆள் மாறினால் இது சாதாரணம். 6-இல் அரை போய் 5.5. சொத்து வரி, காப்பீடு, அடுக்குமாடியானால் சங்கத்துக்குக் கட்டும் பராமரிப்புத் தொகை: 0.6. ஒழுகும் குழாய், சுற்றாத மின்விசிறி போன்ற அன்றாடப் பழுதுகள்: 0.5. ஆள் பிடிக்கும் தரகு, கணக்காளர், போய்வரும் செலவு: 0.4. பெரிய பொருட்களை மாற்றுவதற்கான ஒதுக்கீடு: 0.5. மிஞ்சுவது 3.5. அதை 110-ஆல் வகுத்தால் 3.2 சதவீதம். வருமான வரி இதற்கும் பிறகு.

இதில் எல்லோரும் விட்டுவிடுவது அந்தக் கடைசி 0.5. தண்ணீர் மோட்டாரும் வாட்டர் ஹீட்டரும் இந்த ஆண்டு ஓடுகின்றன என்பதால் அவற்றுக்குச் செலவே இல்லை என்று தோன்றும். ஆனால் அவை தினமும் தேய்கின்றன. பில் மட்டும் ஒரே நாளில் வருகிறது. தொட்டி வைத்த வாட்டர் ஹீட்டர் ஏறக்குறைய 8 முதல் 12 ஆண்டு உழைக்கும். ஏசி 10 முதல் 15. வெளிச்சுவர் வண்ணம் 5 முதல் 7. உள்சுவர் வண்ணம் வாடகை வீட்டில் 3 முதல் 5. ஒவ்வொன்றுக்கும் இன்றைய விலையை மீதமுள்ள ஆயுளால் வகுத்துக் கூட்டினால் ஆண்டுக்கு எவ்வளவு எடுத்துவைக்க வேண்டும் என்பது கிடைத்துவிடும். ஏழு ஆண்டு ஓடிய ஹீட்டருடன் வீட்டை வாங்கினால் அதற்கு மூன்றே ஆண்டுதான் மீதி என்று வையுங்கள். பத்து ஆண்டு என்று எழுதிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

"வீட்டு விலையில் ஆண்டுக்கு 1 சதவீதம் பராமரிப்புக்கு ஒதுக்கு" என்று ஒரு குத்துமதிப்பு விதி உண்டு. மனை விலை உச்சத்தில் இருக்கும் இடத்தில் இது கூடுதலாகக் காட்டும். விலை மலிந்த பழைய வீட்டில் குறைத்துக் காட்டும். பிளம்பருக்கு உங்கள் மனையின் விலை தெரியாது. குழாய்க்கு ஏற்ற கூலியைத்தான் கேட்பார். அதேபோல அமெரிக்க முதலீட்டாளர்களிடம் புழங்கும் இரண்டு விதிகள் இணையத்தில் அடிக்கடி கண்ணில் படும். மாத வாடகை விலையில் 1 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது ஒன்று. கடன் தவணை போக மற்ற செலவுகள் வாடகையில் பாதியைத் தின்னும் என்பது இன்னொன்று. நம் எடுத்துக்காட்டில் மாத வாடகை அரை சதவீதம்தான். செலவு 6-இல் 2.5, அதாவது 42 சதவீதம். இரண்டாவது விதி ஓரளவு எங்கும் பொருந்தும். முதல் விதியைப் பெருநகர வீடுகளில் பெரும்பாலானவை தொடக்கூட முடியாது. பத்து வீட்டில் ஏழு வீட்டைக் கழித்துக்கட்டச் சல்லடையாக அவற்றை வைத்துக்கொள்ளலாம். மீதி மூன்றுக்கு முழுக் கணக்குத்தான் வேண்டும்.

கடன் போட்டு வாங்கினால்

இதே வீட்டுக்கு 70 கடன் வாங்குகிறீர்கள். வட்டி 8 சதவீதம், 20 ஆண்டு. மாதத் தவணை 0.585, ஆண்டுக்கு 7.03. வீடு தருவது 3.5. ஆக, ஆண்டுக்கு 3.53-ஐ உங்கள் சம்பளத்திலிருந்து கட்டுகிறீர்கள். "வாடகையே தவணையைக் கட்டிவிடும்" என்ற பேச்சு இந்த இடத்தில் பாதிதான் உண்மை.

சற்று உள்ளே போய்ப் பார்ப்போம். முதல் ஆண்டுத் தவணையில் வட்டி 5.55, அசலில் கழிவது 1.48. அசல் உங்கள் சொத்தாகவே சேர்கிறது, அதை நட்டம் என்று சொல்ல முடியாது. வட்டியிலிருந்து வீடு தந்த 3.5-ஐக் கழித்தால் 2.05; இதுதான் உண்மையான நட்டம். அப்படியானால் வீட்டு விலை அந்த ஆண்டு 2 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் கையைக் கடிக்காது. 110-இல் கடன் போக நீங்கள் போட்ட 40-க்கு ஒரு வட்டியும் கிடைக்கவில்லை என்பதை இதில் சேர்க்கவே இல்லை. இப்படி வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் வாங்குவது வாடகை வருமானத்தை அல்ல, விலையேற்றத்தின் மேல் ஒரு நம்பிக்கையை. அது தெரிந்து வாங்க வேண்டும்.

கடன் உங்களுக்கு உதவுகிறதா என்பதை ஒரே வரியில் பார்த்துவிடலாம். செலவு போக வீடு தரும் விகிதம் வட்டியைவிட அதிகமா? அதிகமானால் கடன் லாபத்தைப் பெருக்கும். குறைவானால் கடன் நட்டத்தைப் பெருக்கும். இங்கே 3.2-க்கு எதிரே 8. வாடகையை வைத்துக் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் பொதுவாக ஆண்டு நிகர வருமானம் ஆண்டுத் தவணையைப்போல 1.2 மடங்காவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நம் வீட்டில் அது 0.5. இந்த அளவுகோலில் இந்த வீடு தாங்கும் கடன் 70 அல்ல, ஏறக்குறைய 29.

மாறும் வட்டிக் கடனானால் இன்னொரு கணக்கும் போடுங்கள். வட்டி 8-இலிருந்து 9 ஆனால் ஆண்டுத் தவணை 7.56. கூடுதல் 0.53, ஒரு மாத வாடகைக்கும் மேல். வட்டி ஒரு சதவீதம்தானே ஏறும் என்று எண்ண வேண்டாம். அமெரிக்க மைய வங்கி 2022 மார்ச்சில் பூச்சியத்தை ஒட்டி வைத்திருந்த விகிதத்தை 2023 ஜூலைக்குள் 5.25–5.5 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. பதினாறே மாதம். இரண்டு சதவீதம் ஏறினாலும் கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டு, ஆறு மாதத் தவணையையும் செலவையும் தனியாக வைத்துக்கொண்டு இறங்குவது நிதானமான வழி. ஒரே ஒரு வீடு வைத்திருப்பவருக்கு வீடு முழுக்க நிரம்பியிருக்கும், அல்லது முழுக்கக் காலியாக இருக்கும். நடுவே எதுவும் இல்லை.

காலி நாட்களின் விலை

ஒரு மாதம் காலியாக இருந்தால் ஆண்டு வாடகையில் 8.3 சதவீதம் போயிற்று. இதைத் தெரிந்தே பலர் சிக்கிக்கொள்கிறார்கள். மாதம் 100 தரத் தயாராக ஒருவர் இருக்கிறார், உரிமையாளருக்கு 105 வேண்டும். காத்திருக்கிறார். 105-க்கு ஆள் கிடைத்தால் ஆண்டுக்குக் கூடுதலாக வருவது 60. ஒரு நாள் காலியாக இருந்தால் இழப்பு 3.33. பதினெட்டு நாளில் அந்த 60 தீர்ந்துவிடும். பத்தொன்பதாம் நாள் முதல் பிடிவாதத்துக்குக் காசு கொடுக்கிறார்.

குடி மாறும்போது வாடகை மட்டும் நிற்பதில்லை. வண்ணம், சுத்தம், தரகு, மின்கட்டணத்தின் நிலையான பகுதி எல்லாம் உங்கள் தலையில். அதனால்தான் ஒழுங்காக வாடகை தரும் குடித்தனத்துக்குச் சந்தை நிலவரத்தைவிட இரண்டு மூன்று சதவீதம் குறைவாக விட்டு நீண்ட நாள் வைத்திருப்பது பெரும்பாலும் லாபம். ஐந்து ஆண்டு வாடகையைத் தொடாமல் விட்டுவிட்டு ஆறாம் ஆண்டு ஒரேயடியாக ஏற்றுவதைவிட, ஆண்டுதோறும் கொஞ்சம் ஏற்றுவதுதான் உறவைக் கெடுக்காது.

ஒரு பகுதியில் உண்மையான வாடகை என்ன என்பதை விளம்பரத்தில் பார்க்க முடியாது. அங்கே இருப்பது கேட்கும் வாடகை. உங்கள் வீட்டை ஒத்த பத்து விளம்பரங்களைக் குறித்துவைத்து மூன்று வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மறைந்துபோனவை அந்த விலைக்கோ அதையொட்டியோ போயிருக்கும். அப்படியே நிற்பவை விலை அதிகம். பார்த்துக்கொண்டே இருக்கும்போது விலை இறங்கினால் அந்தப் பகுதியில் வீடுகள் தேங்கியிருக்கின்றன என்று பொருள்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது

வாடகை வீட்டில் பணத்தைக் கரைப்பது பெரும்பாலும் தண்ணீர். எனவே முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். மேல்தளமானால் கூரையின் உட்பக்கத்தில் பழுப்பு வளையங்கள் இருக்கின்றனவா? தரைத்தளமானால் சுவரின் அடியில், முழங்கால் உயரம் முதல் ஒரு மீட்டர் வரை, காரை பொரிந்து வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா? அது மண்ணிலிருந்து ஏறும் ஓதம். மேலே எத்தனை முறை வண்ணம் அடித்தாலும் திரும்ப வரும். வீடெல்லாம் பழைய வண்ணமாக இருந்து ஒரு மூலை மட்டும் புதிதாக மின்னினால் அந்த மூலையைப் பற்றிக் கேளுங்கள். சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியை நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சுவர் ஈரமாக இருந்தால் அது கசிவா, அறைக்காற்றின் ஈரம் படிந்ததா என்று தெரிய ஒரு எளிய சோதனை உண்டு. உள்ளங்கை இரண்டளவு அலுமினியத் தாளை எடுத்து, சுவரின் மேற்பரப்பைத் துடைத்து உலர்த்திவிட்டு, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் ஈரமானால் காற்றின் ஈரம் படிகிறது. ஜன்னலைத் திறந்துவைத்தாலோ எக்ஸாஸ்ட் மின்விசிறி வைத்தாலோ தீரும். தாளின் உட்பக்கம் ஈரமானால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முதலாவதுக்குச் சிறு செலவு, இரண்டாவதுக்குச் சுவரையோ குழாயையோ திறக்க வேண்டியிருக்கும். வாங்கும் விலையில் பேரம் பேச இதைவிட நல்ல சான்று வேறில்லை.

குளியலறைத் தரையைப் பார்த்து ஏமாறாதீர்கள். தண்ணீரைத் தடுப்பது டைல்ஸோ அதன் நடுவே இருக்கும் இணைப்புப் பூச்சோ அல்ல. அதற்கடியில் போட்ட நீர்த்தடுப்புப் படலம். அது போய்விட்டால் டைல்ஸை உடைத்துத்தான் மறுபடி போட முடியும். முறையான சோதனை என்றால் வடிகாலை அடைத்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் விட்டு, கீழ் வீட்டுக் கூரையைப் பார்ப்பது. வாங்குபவரை இதற்கு யாரும் விடமாட்டார்கள். எனவே கீழ் வீட்டுக் கதவைத் தட்டி, "மேலேயிருந்து ஒழுகுகிறதா?" என்று கேளுங்கள். அவர்கள் மறைக்க மாட்டார்கள். பல மாதமாகக் கேட்க ஆளில்லாமல் இருந்திருப்பார்கள்.

சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் ஒன்றாகத் திறந்து, கழிப்பறையிலும் தண்ணீர் விடுங்கள். அழுத்தம் எவ்வளவு விழுகிறது என்று தெரியும். தண்ணீர் மீட்டர் இருந்தால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு அரை மணி நேரம் கழித்து எண் நகர்ந்திருக்கிறதா பாருங்கள். நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. கழிப்பறைத் தொட்டியில் சில துளி சாயம் கலந்து 20 நிமிடம் விட்டால், கோப்பையில் நிறம் இறங்குகிறதா என்பதில் தொட்டி வால்வின் நிலை தெரிந்துவிடும்.

மின்சாரத்தில் மூன்று இடம் போதும். கசிவு மின்சாரத்தில் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி, 30 மில்லி ஆம்பியர் அளவில், இருக்கிறதா? இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். விழவில்லையென்றால் அது வெறும் பெட்டி. அடுத்து, வயரின் தடிமனும் பிரேக்கரும் பொருந்துகின்றனவா? 1.5 சதுர மில்லிமீட்டர் விளக்கு வயருக்கு 6 அல்லது 10 ஆம்பியர், மிஞ்சினால் 16. "அடிக்கடி விழுகிறது" என்று யாரோ அங்கே 32 மாட்டியிருந்தால் வயர் சுவருக்குள் சூடேறினாலும் பிரேக்கர் விழாது. மூன்றாவது, எர்த் இணைப்பு இருக்கிறதா? இவற்றைப் பார்க்க எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கும் கூலி வீட்டின் விலையில் ஒரு துளி.

விரிசலில் எல்லாம் பயப்பட ஒன்றுமில்லை. தலைமுடி போன்ற கோடுகள் காரை உலரும்போது வருபவை. கதவு ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, 5 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்து, சுவரின் மறுபக்கத்திலும் தெரிந்தால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஆவணங்களைப் பொறுத்தவரை உரிமை, அடமானம், கட்டட அனுமதி என்ற வழக்கமான மூன்றுடன் வாடகைக்கு விடுபவர் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். அடுக்குமாடிச் சங்கத்தின் விதிகள் வாடகைக்கு விட அனுமதிக்கின்றனவா என்பது ஒன்று. பழைய பராமரிப்பு பாக்கியும் அடுத்து வரப்போகும் பெரிய வேலைக்கான சிறப்பு வசூலும் இருக்கிறதா என்பது இன்னொன்று. சங்கத்தின் கடைசி இரண்டு ஆண்டுக் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படித்தால் லிஃப்ட் மாற்றப் போகிறார்களா என்பது முன்கூட்டியே தெரியும்.

யாருக்கு விடுவது

தவறான ஆளுக்கு விடுவதைவிட இன்னும் ஒரு மாதம் காலியாக வைத்திருப்பது மலிவு. மேலே சொன்ன பதினெட்டு நாள் கணக்குக்கு விலக்கு இது ஒன்றுதான்.

வாடகை, குடிவருபவர் வருமானத்தில் மூன்றிலொரு பங்கைத் தாண்டாமல் இருப்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. சம்பளச் சீட்டுடன் கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கையும் கேளுங்கள். சீட்டில் உள்ள தொகை கணக்கில் வந்திருக்கிறதா என்று ஒத்துப்பார்க்கலாம். முந்தைய வீட்டு உரிமையாளரிடம் விசாரிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. இப்போதைய உரிமையாளர், ஆள் கிளம்பினால் போதும் என்று புகழக்கூடும். அதற்கு முந்தைய உரிமையாளருக்கு அந்த ஆதாயம் இல்லை. "மறுபடி அவருக்கு வீடு கொடுப்பீர்களா?" என்ற ஒரு கேள்வியே போதும், பதிலுக்கு முன் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

நிபந்தனைகளை முன்னதாக எழுதிவைத்து வருகிற எல்லோருக்கும் அதையே பொருத்துங்கள். இனம், மதம் போன்றவற்றை வைத்து வீடு மறுப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். அதைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், வாடகை கட்டும் திறனைப் பற்றி அவை எதையும் சொல்வதில்லை. கையெழுத்தும் முதல் மாத வாடகையும் முன்பணமும் கணக்கில் வந்து சேர்வதற்கு முன் சாவியைக் கொடுக்காதீர்கள். இன்றிரவே குடிவர வேண்டும், பணம் நாளை என்பவரிடம் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

ஒப்பந்தமும் ஒப்படைப்பும்

ஒப்பந்தத்தில் குடியிருக்கும் பெரியவர்கள் எல்லோருடைய பெயரும், எல்லோரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு என்ற வரியும் இருக்கட்டும். நண்பர்கள் மூவர் சேர்ந்து எடுத்து ஒருவர் கிளம்பிவிட்டால் மற்ற இருவரும் முழு வாடகைக்குப் பொறுப்பாவது இந்த வரியால்தான். வாடகை தர வேண்டிய தேதி, தாமதமானால் என்ன, எந்த மாதம் எவ்வளவு உயரும், எந்தப் பழுது யாருடையது, உள்வாடகைக்கு விடலாமா, வீட்டைக் காலி செய்ய எத்தனை நாள் முன் சொல்ல வேண்டும், நீங்கள் வந்து பார்க்க எத்தனை மணி நேரம் முன் சொல்ல வேண்டும் என்பவை எல்லாம் எழுத்தில் வேண்டும். "சின்னப் பழுது குடியிருப்பவர் பொறுப்பு" என்று மட்டும் எழுதினால் எது சின்னது என்று சண்டை வரும். தொகையில் வரம்பு வையுங்கள்.

முன்பணச் சச்சரவுகள் பெரும்பாலும் ஒப்படைப்பு நாளில் ஒரு மணி நேரம் செலவழிக்காததால் வருபவை. வீடு காலியாகவும் வெளிச்சமாகவும் இருக்கும்போது, வாசலில் தொடங்கி ஒவ்வோர் அறையிலும் இடமிருந்து வலமாகச் சுற்றிப் படம் எடுங்கள்: நான்கு சுவர், தரை, கூரை. பிறகு ஜன்னல் கண்ணாடி, அலமாரி உட்புறம், சிங்க் அடிப்பகுதி. ஏற்கெனவே உள்ள கீறலுக்கும் உடைந்த டைல்ஸுக்கும் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துத் தனிப்படம். மின், தண்ணீர் மீட்டர் எண்கள் தெளிவாகத் தெரியும்படி ஒன்று. எத்தனை சாவி, எத்தனை ரிமோட் என்று எண்ணி எழுதுங்கள். இரு தரப்பும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, கண்ணில் படாமல் போனதைச் சொல்லக் குடிவந்தவருக்கு ஏழு நாள் கொடுங்கள். காலி செய்யும் அன்று அதே பட்டியலை, அதே வரிசையில் பாருங்கள்.

முன்பணம் உங்கள் வருமானம் அல்ல; திருப்பித் தர வேண்டிய கடன். தனிக் கணக்கில் வையுங்கள். பல இடங்களில் சட்டமே அப்படிச் சொல்கிறது. வரம்பும் உண்டு. ஜெர்மனியில் பொதுச்செலவுகள் சேராத அடிப்படை வாடகையில் மூன்று மாதம். இங்கிலாந்தில் 2019 சட்டப்படி பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து வார வாடகை. இந்தியாவின் 2021 மாதிரி வாடகைச் சட்டத்தில் குடியிருப்புக்கு இரண்டு மாதம், ஆனால் ஒவ்வொரு மாநிலமும் ஏற்றால்தான் அது செல்லும். உங்கள் ஊர்ச் சட்டத்தை நேரே பாருங்கள்.

பிடித்தம் செய்யும்போது தேய்மானத்தையும் சேதத்தையும் பிரிக்க வேண்டும். வெயிலில் வெளுத்த வண்ணம், நடந்து தேய்ந்த தரை, தளர்ந்த கீல் தேய்மானம். அது உரிமையாளர் செலவு. உடைந்த கண்ணாடியும் சூட்டுத் தழும்பும் சேதம். சேதத்திலும் முழு விலையைப் பிடிப்பது நியாயமில்லை. உள்வண்ணத்தின் ஆயுள் நான்கு ஆண்டு, சுவரில் குழந்தை கிறுக்கியது மூன்றாம் ஆண்டு முடிவில் என்றால், எப்படியும் ஓர் ஆண்டில் நீங்களே அடித்திருப்பீர்கள். எனவே செலவில் நான்கிலொரு பங்கைக் கேட்கலாம். நடுவர் முன் போனாலும் இந்தக் கணக்குத்தான் நிற்கும்.

குடியிருக்கும்போது

பழுது பற்றிய தகவல் எழுத்தில் வரட்டும், குறுஞ்செய்தி போதும். எரிவாயு நாற்றம், மின்பெட்டியில் தண்ணீர் என்றால் அந்த நிமிடமே. தண்ணீரே வரவில்லை என்றால் 24 மணி நேரத்துக்குள். சொட்டும் குழாய் ஒரு வாரம் தாங்கும். வேகம் வெறும் மரியாதைக்காக அல்ல. இரண்டு முறை கண்டுகொள்ளாமல் விட்டால் மூன்றாம் முறை அவர் சொல்ல மாட்டார். சிங்க் அடியில் ஆறு மாதம் சொட்டிய தண்ணீர் அலமாரியை ஊறவைத்துக் கீழ் வீட்டுக் கூரைக்கு வந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும்.

வாடகை தாமதமானால் தவணை தேதிக்கு மறுநாளே அமைதியாக ஒரு நினைவூட்டல் போதும். சலுகை நாட்கள் முடிந்ததும் எழுத்தில் கேளுங்கள். உண்மையான நெருக்கடி என்றால் எந்தத் தேதியில் எவ்வளவு என்று எழுதி வாங்கிப் பிரித்துத் தர விடலாம். அதுவும் தவறினால் சட்டம் சொல்லும் வடிவில் அறிவிப்பு. சில சட்டங்களில் அறிவிப்பு கொடுத்த பிறகு பாதி வாடகையை வாங்கினாலே அந்த அறிவிப்பு செல்லாமல் போகும், எனவே இந்தக் கட்டத்தில் வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுக் காசைத் தொடுங்கள். பூட்டை மாற்றுவது, தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிப்பது பெரும்பாலான நாடுகளில் சட்டவிரோதம். பாக்கி வைத்தவர் வழக்குப் போடுபவராக மாறிவிடுவார்.

காப்பீட்டில் ஒரு பொறி இருக்கிறது. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு எடுத்த பாலிசி வாடகைக்கு விட்டதும் செல்லாமல் போகலாம். தெரிவித்து மாற்றிக்கொள்ளுங்கள். வீடு தொடர்ந்து 30 அல்லது 60 நாள் காலியாக இருந்தால் பாதுகாப்பு குறையும் என்ற வரி பல பாலிசிகளில் ஒளிந்திருக்கும். குடியிருப்பவரின் பொருட்களுக்கு உங்கள் பாலிசி ஈடு தராது என்பதை அவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

வாடகைக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்தால் ஆண்டு முடிவில் பாதி வேலை குறையும். பழுதுபார்த்ததற்கான பில்லையும் மேம்படுத்தியதற்கான பில்லையும் தனித்தனியாக வையுங்கள். உடைந்த குழாயை மாற்றுவது ஒன்று, புதிதாக ஓர் அறை எழுப்புவது வேறு. பல நாட்டு வரிச் சட்டங்கள் முதலாவதை அந்த ஆண்டே கழிக்க விடும், இரண்டாவதைப் பல ஆண்டுகளில் பிரித்தோ விற்கும்போதோதான்.

வெளியூரில் இருந்துகொண்டு மேலாளரை வைத்தால் பல இடங்களில் வாடகையில் 8 முதல் 10 சதவீதம், புதிதாக ஆள் பிடிக்கத் தனிக் கட்டணம். சதவீதத்தைவிட, என்னைக் கேட்காமல் எவ்வளவு வரை பழுதுக்குச் செலவழிக்கலாம், வேலையாட்களிடம் கமிஷன் வாங்குவீர்களா என்ற இரண்டு கேள்விகளில்தான் உண்மையான செலவு தெரியும்.

நாள் வாடகைக்கு விட்டால் இரண்டு மடங்கு வரும் என்று கேள்விப்பட்டு மாறுபவர்கள் உண்டு. துப்புரவு, துணி, முன்பதிவு இணையதளத்தின் கட்டணம், பருவத்துக்குப் பருவம் காலி நாட்கள் எல்லாம் கழித்துப் பார்த்தால் இடைவெளி சுருங்கும். சட்டமும் ஒரே நாளில் மாறும். நியூயார்க் நகரம் 2023 செப்டம்பரிலிருந்து குறுகிய கால வாடகைக்குக் கடும் பதிவு விதியை அமல்படுத்தியது. பார்சிலோனா சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்களை 2028-க்குள் முடித்துக்கொள்வதாக 2024-இல் அறிவித்தது. நீண்ட கால வாடகைக்கு விட்டாலும் கணக்கு நிற்கும் வீட்டை மட்டும் இதற்கு எடுங்கள்.

விற்கும்போது

விற்கும் செலவும் உண்டு: தரகு, வரி, கடனை முன்கூட்டி அடைக்கும் கட்டணம். வாங்கும்போது போன 10 ஏற்கெனவே இருக்கிறது. எனவே ஐந்து ஆண்டுக்குள் பணம் தேவைப்படும் என்றால் வீடு பொருத்தமான இடம் அல்ல. குடியிருப்பவருடன் விற்றால் காலி மாதம் மிச்சம். ஆனால் வாங்குபவர்களில் தானே குடியேற நினைப்பவர்கள் ஒதுங்கிவிடுவார்கள், விலை குறையலாம். அப்படி விற்கும்போது வாடகை ஒப்பந்தம், ஒப்படைப்புப் பட்டியல், மீட்டர் எண், பாக்கி விவரம் ஆகியவற்றோடு முன்பணத்தையும் புதியவருக்குக் கைமாற்றி, அதை விற்பனைப் பத்திரத்தில் தொகையோடு எழுதிவிட்டு, குடியிருப்பவருக்கும் ஒரு நகல் கொடுங்கள். எழுதாமல் விட்டால் மூன்று ஆண்டு கழித்து அவர் காலி செய்யும் அன்று முதலில் அழைப்பது உங்களைத்தான்.